பெட்டகத்துக்கு உண்டு வரிசை எண், குழந்தைக்கு?

வங்கியில் பாதுகாப்புப் பெட்டகம் கேட்டு விண்ணப்பிக்கும் வாடிக்கையாளருக்கு, காலிப் பெட்டகம் இல்லாத நிலையில், காத்திருப்பு எண் ஒன்றை வங்கி வழங்கியாக வேண்டும். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும் தர வேண்டும். காலியாக உள்ள பெட்டகங்களின் பட்டியலையும் காத்திருப்போரின் பட்டியலையும் கிளைவாரியாகக் கணினியில் பராமரிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய நெறிமுறைகள் இவ்வாறு பணிக்கின்றன. "பெட்டகம் காலியானால் சொல்லி அனுப்புகிறோம்" என்று வாடிக்கையாளரை வெறுங்கையுடன் அனுப்பிவைப்பது இன்று முறையாகாது.

மூன்று வயதுக் குழந்தைக்கு இடம் கேட்டு மழலையர் பள்ளிக்குச் செல்லும் பெற்றோர், பெரும்பாலும் அந்த விடையைத்தான் இன்னமும் பெற்றுத் திரும்புகின்றனர்.

ஏர்பேடு போன்ற ஓர் ஊரில் இதன் பொருள் என்ன என்பதை எண்ணிப் பார்க்கலாம். ரேணிகுண்டாவுக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் இடையே உள்ள இம்மண்டலத்தில்தான் 2015 இல் தொடங்கப்பெற்ற திருப்பதி ஐ.ஐ.டி.யும், அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற ஐசர் என்னும் இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனமும் இப்போது நிலைகொண்டுள்ளன. சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்கு உரியதாயிற்று. வயலும் ரயில் நிலையமுமாக இருந்த இடத்துக்கு இளம் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் அலுவலர்களும் குடும்பத்துடன் வந்துசேர்கின்றனர். தெலுங்கும் தமிழும் பேசும் உள்ளூர்க் குடும்பங்களோடு இந்தி, மலையாளம், வங்காளம் பேசுவோரும் சேர்கின்றனர். இவர்களுள் பலருக்குத் தாத்தாவும் பாட்டியும் அருகில் இல்லை. பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்பவராயின், குழந்தைக்கு ஓர் இடம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் தாயின் பணி தொடர்வதையே தீர்மானிக்கிறது. சட்டம் 26 வார மகப்பேறு விடுப்பு அளிக்கிறது; 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கும் குறைவானோர் பணிபுரியும் இடங்களில் உள்ள தாய்மார், தனியார் காப்பகங்களையே நம்பியிருக்கின்றனர். ஆண்டு நடுவே மாறுதல் ஆணையைக் கையில் வாங்கும் எங்களைப் போன்ற வங்கி அலுவலர்களின் குடும்பங்களும் அவ்வாறே.

ஆகவே சேர்க்கைக்கும் காத்திருப்போர் பட்டியலுக்கும் மென்பொருள் வாங்க எண்ணும் பள்ளி நிர்வாகிகளை நான் வரவேற்கிறேன். ஆனால் அவர்களுட் சிலர் முதலில் செய்ய வேண்டியதை இறுதியில் செய்கின்றனர். விற்பனையாளரின் விளக்கக் காட்சியைக் கண்டு, விலை பேசி, பணம் செலுத்திய பின்னரே, "யாருக்கு முதலில் இடம் தருவது" என்ற வினா எழுகிறது. அதற்குள் மென்பொருளே ஒரு விடையை வகுத்துவிடுகிறது. முதலில் விண்ணப்பித்தவருக்கு முதல் இடம் என்பதே பெரும்பாலும் அவ்விடை. மாண்டிசோரி முறையில் இயங்கும் பள்ளிக்கு அவ்விதி பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் பகல் முழுதும் கவனிப்பாரின்றிக் கிடந்த குழந்தைகளுக்கான இடம் அது. இன்றைய சொல்லில் கூறினால் ஒரு காப்பகமே. 1939 இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலத்தில் இந்தியாவிலேயே தங்கி, அடையாற்றிலும் கொடைக்கானலிலும் பணியாற்றினார். ஏராளமான ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். அவரது முறையின் அடித்தளங்களுள் ஒன்று, மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் ஒரே வகுப்பில் கலந்திருத்தல். மூத்த குழந்தையைப் பார்த்து இளைய குழந்தை கற்கிறது; இளைய குழந்தைக்குக் காட்டிக்கொடுப்பதால் மூத்த குழந்தையின் கற்றல் உறுதிப்படுகிறது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று ஆண்டுவாரியாக அடுக்கிய வகுப்புகளில் இந்நிலை இல்லை.

24 குழந்தைகள் உள்ள ஒரு மாண்டிசோரி வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வயதிலும் எட்டுக் குழந்தைகள். ஜூன் மாதத்தில் ஆறு வயது நிறைந்த எட்டுப் பேர் முதல் வகுப்புக்குச் செல்கின்றனர். வெளியே காத்திருக்கும் தந்தை, "எட்டு இடங்கள் காலியாகின்றன, நாம் நான்காவது, நிச்சயம் கிடைக்கும்" என்று கணக்கிடுகிறார். பள்ளிக்குள் கணக்கு வேறு. அதே பள்ளியின் ஒன்றரை வயதுப் பிரிவிலிருந்து ஐந்து குழந்தைகள் மேலே வருகின்றனர். ஏற்கெனவே பயிலும் குழந்தைகளின் தம்பி தங்கையர் இருவர். எஞ்சுவது ஓர் இடம். நான்காவதாக நிற்பவருக்கு முன்னே மூவர் உள்ளனர். பள்ளி எந்தத் தவறும் இழைக்கவில்லை. ஆயினும் அத்தந்தை ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். அவரிடம் எண் இருந்தது, எண்ணின் பொருள் இல்லை.

செப்டம்பரில் ஒரு குடும்பம் மாற்றலாகிச் செல்லும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. காலியாவது நான்கு வயதுக் குழந்தையின் இடம். பட்டியலின் தலைமையில் இருப்பதோ இரண்டே முக்கால் வயதுக் குழந்தை. வரிசைப்படி அக்குழந்தையைச் சேர்த்தால் வகுப்பின் வயதுச் சமநிலை குலையும். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரு ஜூனில் ஏழு இடங்களும் மற்றொரு ஜூனில் ஒன்பது இடங்களும் காலியாகும். ஐந்து வயதுக் குழந்தையைப் புதிதாகச் சேர்த்தாலோ, மூன்றாண்டுச் சுழற்சியில் ஓராண்டு மட்டுமே அதற்குக் கிடைக்கும். இவ்வகைப் பள்ளிக்குத் தேவைப்படுவது ஒரு பட்டியல் அன்று. வயதுவாரியாகக் குறைந்தது மூன்று பட்டியல்கள். ரயில் பயணத்தில் தேர்ந்தவர்கள் இதை எளிதில் உணர்வர். பொதுக் காத்திருப்புப் பட்டியலில் இருபதாவதாக இருப்பவருக்கு இருக்கை உறுதியாகிவிட, இடைநிலையங்களுக்கான பட்டியலில் ஐந்தாவதாக இருப்பவர் நடைமேடையிலேயே நிற்பதுண்டு.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய பள்ளியில் இடம் பிடிக்க வேண்டும் என்ற அச்சத்தால், மாண்டிசோரி வகுப்பின் மூன்றாம் ஆண்டை முடிக்காமலேயே நான்கரை வயதில் குழந்தையை அழைத்துச்செல்லும் பெற்றோர் பலர். 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான காலத்தை ஒரே அடிப்படை நிலையாக வகுத்து, ஆறு வயதில் முதல் வகுப்பு என்ற ஏற்பாட்டை முன்வைத்த பின்னரும் அவ்வச்சம் அகலவில்லை. அதனால் எத்தனை இடங்கள் காலியாகும் என்பது மே மாதம் வரை பள்ளிக்கே தெரிவதில்லை. ஜனவரியிலேயே தற்போதைய பெற்றோரிடம் "அடுத்த ஆண்டும் தொடர்கிறீர்களா" என்று எழுத்துவழி உறுதி பெறாத பள்ளிக்கு, எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் காலியிடங்களைக் கணித்துச் சொல்ல இயலாது.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டால் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை தாமே தெளிவாகும். குழந்தையின் வயதை விண்ணப்பித்த நாளில் எழுதி வைத்துக்கொள்கிறதா, அல்லது இடம் காலியாகும் நாளில் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடுகிறதா? இரண்டு வயதில் பதிந்த குழந்தை இடம் கிடைக்கும்போது மூன்றரை வயதை எட்டியிருக்கலாம். வகுப்பின் வயது விகிதத்தைக் காட்டுகிறதா? உள்ளிருந்து மேலே வரும் குழந்தைகளைக் கழித்த பின்னர் வெளியாருக்கு உரிய இடங்களைத் தனியே காட்டுகிறதா? டிரான்ஸ்பேரன்ட் கிளாஸ்ரூம், மாண்டிசோரி காம்பஸ் முதலிய மாண்டிசோரிப் பள்ளிகளுக்கென்றே உருவான மென்பொருள்களின் முதன்மைப் பயன், குழந்தை எந்தப் பாடப்பொருளை எப்போது கையாண்டது என்று பதிவுசெய்வது. பொதுவான சேர்க்கை மென்பொருள்களோ ஆண்டுவாரி வகுப்புகளை மனத்திற்கொண்டு அமைந்தவை. இரண்டையும் ஒன்றாக நிறைவேற்றுவதாகச் சொல்பவரிடம், நான் மேலே கூறிய செப்டம்பர் மாதச் சிக்கலைக் கொடுத்து, திரையில் தீர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெற்றோர் தம் நிலையைத் தாமே பார்க்க முடிகிறதா என்பது அடுத்த வினா. பி.என்.ஆர். எண்ணைத் தட்டிப் பார்க்கப் பழகிய மக்கள் நாம். திருமலைத் தரிசனத்துக்கு நேரம் குறித்த டோக்கன் பெற்றுச் செல்லும் பக்தர்களை நாள்தோறும் காணும் இப்பகுதி மக்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று. எவ்வளவு நேரம் என்று அறியாமல் காத்திருப்பதே துன்பம். எனவே வெறும் எண்ணைக் காட்டாமல், "உங்கள் குழந்தையின் வயதுப் பிரிவில் உங்களுக்கு முன் நால்வர் உள்ளனர், வரும் ஜூனில் வெளியாருக்கு எதிர்பார்க்கப்படும் இடம் ஒன்று" என்று தெரிவிக்கும் மென்பொருளுக்குக் கூடுதலாகவே பணம் தரலாம். இடம் இல்லை என்பது முன்கூட்டியே தெரிந்தால் அத்தாய் வேறு ஏற்பாடு செய்துகொள்வார். மூன்று பள்ளிகளில் பெயர் பதிந்து வைத்திருப்பவர்கள் பட்டியலை வீணே நீட்டாதிருக்க, இரு மாதங்களுக்கொரு முறை "இன்னும் காத்திருக்கிறீர்களா" என்று கேட்டுப் பட்டியலைச் செப்பனிடும் வசதியும் வேண்டும். அழைப்பு விடுத்த பின் எத்தனை நாள்களுக்குள் விடை தர வேண்டும், மறுத்தவர் வரிசையின் கடைசிக்குச் செல்வாரா என்பனவற்றைப் பள்ளி தானே எழுதி வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் பள்ளித் தலைவியர் ஒரு மறுப்பைக் கூறுவதுண்டு. "குழந்தையைப் பார்க்காமல், பெற்றோரிடம் பேசாமல், கணினி சொல்லும் வரிசைப்படி சேர்ப்பது எங்கள் முறைக்கே முரணானது" என்பர். இம்மறுப்பில் நியாயம் உண்டு. குழந்தையை உற்றுநோக்குதலே அம்முறையின் உயிர். வரிசையை மீறும் உரிமையும் பள்ளித் தலைவிக்கு இருக்கலாம். ஆனால் மீறியவர் யார், எந்த நாளில், என்ன காரணத்துக்காக என்ற மூன்றும் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். வங்கியில் ஒருவர் பதிவு செய்தால் மற்றொருவர் ஒப்புதல் தந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும். நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கியல் மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனச் சட்ட விதிகளின்படி கட்டாயம். பள்ளியின் காத்திருப்போர் பட்டியலுக்கு அத்தகைய சட்டம் இல்லை. ஆயினும் அவ்வசதி இல்லாத மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். செல்வாக்குள்ளவரின் தொலைபேசி அழைப்பு வரும்போது, "திருத்தினால் பெயருடன் பதிவாகிவிடும், ஐயா" என்று சொல்ல முடிவது அப்பள்ளித் தலைவிக்கே பாதுகாப்பு.

இனிப் பணத்துக்கு வருவோம். வணிகவியல் பயின்றவர்களுக்கு இப்பகுதியில்தான் கண் அதிகமாகச் செல்லும்.

காத்திருப்போர் பட்டியலில் 40 குடும்பங்கள். ஒவ்வொருவரிடமும் திருப்பித் தரத்தக்க முன்பணம் 5,000 ரூபாய் என்று கொள்வோம். பள்ளியின் நடப்புக் கணக்கில் 2 லட்சம் ரூபாய் கூடுதலாக நிற்கும். கணக்கில் நிற்பதாலேயே அது பள்ளியின் பணம் ஆகிவிடாது. இருப்புநிலைக் குறிப்பில் அது பொறுப்புப் பக்கத்தில் எழுதப்பட வேண்டிய தொகை. இடம் கொடுத்துக் கல்விக் கட்டணத்தில் ஈடுசெய்யும் நாள் வரை வருவாய் அன்று. கோடை விடுமுறையில் சுவருக்கு வண்ணம் பூசவும் சறுக்குமரம் வாங்கவும் அதைச் செலவிட்டுவிட்டு, ஜூலையில் முப்பது குடும்பங்கள் திருப்பிக் கேட்கும்போது திணறும் நிலை வரக்கூடாது. என் கருத்தில், இந்த முன்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். மென்பொருளிலும் தனிப் பேரேடு வேண்டும். பல மென்பொருள்கள் விண்ணப்பக் கட்டணம், முன்பணம், மாதக் கட்டணம் ஆகிய மூன்றையும் "வரவு" என்ற ஒரே தலைப்பில் கொட்டிவிடுகின்றன. "இன்றைய தேதியில் யார் யாருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும்" என்ற ஒரு பக்க அறிக்கையை அது தருமா என்று கேளுங்கள். காத்திருப்பதற்கே பெருந்தொகை கேட்கும் பள்ளியை நான் ஐயத்துடனேயே நோக்குவேன். இடம் தருவது உறுதியாகாத நிலையில் பெறும் பணம் சிறு தொகையாக இருப்பதே முறை.

பணம் பெறும் வழியிலும் கவனம் வேண்டும். மென்பொருளோடு இணைந்த கட்டண நுழைவாயில் வழியாக ஒரே நாளில் பதினைந்து பெற்றோர் செலுத்தினால், அடுத்த வேலைநாளில் வங்கிக் கணக்கில் ஒரே தொகையாக, சேவைக் கட்டணம் கழிந்து வந்துசேரும். யாருடைய பணம் எது என்பது வங்கி அறிக்கையில் தெரியாது. அதைப் பிரித்துக் காட்டும் தீர்வை அறிக்கை மென்பொருளுக்குள்ளேயே கிடைக்க வேண்டும். இன்றேல் மாத இறுதியில் கணக்கர் தலையைப் பிடித்துக்கொள்வார். வங்கிக் கணக்குடன் நேரடியாக இணைந்த யு.பி.ஐ. வழியில் வணிகரிடம் தள்ளுபடிக் கட்டணம் பெறப்படுவதில்லை. கடன் அட்டைக்கு அக்கட்டணம் உண்டு. "வசதிக் கட்டணம்" என்ற பெயரில் பெற்றோரின் தலையில் அது விழுகிறதா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. குழந்தை ஒன்றுக்கு மாதம் 60 ரூபாய் என்று விற்பனையாளர் கூறுவதாகக் கொண்டால், 60 குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 43,200 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 7,776 ரூபாய். கடை வைத்திருப்பவர் இவ்வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்வார். மழலையர் கல்விக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் பள்ளிக்கு அவ்வாறு கழிக்க வழியில்லை. எனவே உண்மை விலை 50,976 ரூபாய். அமெரிக்க டாலரில் விலை குறித்த வெளிநாட்டு மென்பொருளாயின், நாணய மாற்று விகிதமும் அட்டையின் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணமும் இதன்மேல் ஏறும்.

வெளிநாட்டு மென்பொருளில் இன்னொரு தொல்லையும் உண்டு. சிறியதாகத் தோன்றும், சிறியதன்று. 03/07 என்று பதிந்தால் நமக்கு அது ஜூலை 3. அமெரிக்க வழக்கில் அது மார்ச் 7. நான்கு மாத வேறுபாடு, குழந்தையை வேறொரு வயதுப் பட்டியலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். தமிழ்க் குடும்பங்களில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து முன்னே நிற்கும். தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப்பெயர் முன்னே நிற்கும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரு கட்டங்களையும் நிரப்பியே தீரவேண்டும் என்று அடம்பிடிக்கும் படிவத்தில் ஒரே குழந்தை இருமுறை, இரு வடிவங்களில் பதிவாகும். குறுஞ்செய்தி தெலுங்கிலும் தமிழிலும் செல்லுமா என்பதையும் பாருங்கள். இடம் கிடைத்த செய்தி ஆங்கிலத்தில் வந்து, அதைப் படித்துச் சொல்ல ஆளின்றி மூன்று நாள் கெடு கடந்துபோனால், அவ்விழப்புக்குப் பொறுப்பு பள்ளியுடையதே.

குழந்தைகளின் தகவல்கள் குறித்துச் சட்டம் கடுமையாகவே உள்ளது. 2023 ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்கு உட்பட்ட ஒருவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளை இலக்காக்கி விளம்பரம் செய்தல் கூடாது. குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் தண்டத்தொகை 200 கோடி ரூபாய் வரை செல்லலாம். நோக்கம் நிறைவேறிய பின் தரவை அழிக்கவும் வேண்டும். வேறு பள்ளியில் சேர்ந்துவிட்ட குழந்தையின் ஒளிப்படமும் ஒவ்வாமைக் குறிப்பும் ஐந்தாண்டுகளாக யாரோ ஒருவரின் சேமிப்பில் கிடப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆதார் எண்ணைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தையும் ஏற்க வேண்டாம். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் கூறியுள்ளது. பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் தொலைபேசி எண், எந்த மாதத்திலிருந்து இடம் வேண்டும் என்பன போதும். மற்றவற்றை இடம் உறுதியான பின் கேட்கலாம்.

இவ்வளவும் சொன்ன பின், மென்பொருள் எல்லாருக்கும் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பேன். ஒரே வகுப்பும் பதினைந்து பேர் கொண்ட காத்திருப்புப் பட்டியலும் உள்ள பள்ளிக்குப் பக்க எண் அச்சிட்ட ஒரு பதிவேடும், வயதுவாரியாகப் பிரித்த ஓர் எக்ஸெல் தாளும், விண்ணப்பித்த நாளையும் நேரத்தையும் குறித்துத் தரும் ஒப்புகைச் சீட்டும் போதுமானவை. இரண்டாவது வகுப்பு தொடங்கும்போதோ, பட்டியலைத் தலைவி தவிர இன்னொருவரும் கையாளத் தொடங்கும்போதோ மென்பொருளைப் பற்றி எண்ணலாம்.

வாங்குவதென்று முடிவானால், ஏப்ரலிலும் மேயிலும் வாங்காதீர்கள். சேர்க்கை நெருக்கடியில் எதையும் சோதித்துப் பார்க்க நேரம் இராது. நவம்பரில் தொடங்கி, சென்ற ஆண்டுப் பதிவேட்டிலிருந்து இருபது பெயர்களை, தொலைபேசி எண்களை மாற்றி, விற்பனையாளரின் சோதனைப் பதிப்பில் ஏற்றுங்கள். சென்ற ஆண்டில் உண்மையாகவே காலியான இடங்களை அதே தேதிகளில் காலியாக்குங்கள். மென்பொருள் யாரை அழைக்கச் சொல்கிறது, நீங்கள் யாரை அழைத்தீர்கள் என்று ஒப்பிடுங்கள். வேறுபடும் ஒவ்வோரிடத்திலும் காரணத்தை எழுதுங்கள். அவ்வாறு எழுதியவையே உங்கள் பள்ளியின் சேர்க்கை விதிகளின் முதல் வரைவாகும். பின்னர் அந்த இருபது பெயர்களையும் அப்படியே எக்ஸெல் கோப்பாகத் திரும்பத் தரும்படி விற்பனையாளரைக் கேளுங்கள். அன்றைய தினத்துக்குள் கோப்பு வந்துசேரவில்லையெனில், முன்பணம் கொடுக்காமல் அடுத்த விற்பனையாளரை அழைக்கலாம்.